பூட்டி வைத்த டானிக்

மதுவிலக்குச் சட்டம் தெளிவானது. பெர்மிட் இல்லாத எவரும் மது அருந்தக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு யாரும் பெர்மிட் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் மருந்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் வழியாகத்தான், ஐம்பதுகளின் கடைசியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் நான் நர்சாக இருந்த பிரசவ விடுதிக்கு டானிக் பெட்டிகள் வந்து இறங்கின. கர்ப்பிணிகளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன். மூடியைத் திறந்தால் சாராய நெடி.

நானும் இரண்டு வருடம் கேள்வி கேட்காமல் கொடுத்தேன். சீல் வைத்த பெட்டியில் வருவது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற படிப்பு என்னுடையது.

ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, நெசவாளியின் மனைவி, வாரம் ஒரு பாட்டில் கேட்டு வந்தாள். அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் எலிக்குஞ்சு போலப் பிறந்து, பேர் வைக்கும் முன்பே போய்விட்டன.

"ஸ்பூன்லதான குடிக்கிற?"

"ஸ்பூனுக்கு எங்க போறது நர்சம்மா? டம்ளர்லதான். நாள் முழுக்க ராட்டையில உக்காந்து நூல் சுத்துறேன். இதக் குடிச்சா இடுப்பு வலி தெரியல, பசியும் தெரியல."

"என்ன வாசம்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? போன வாரம் எங்க வீட்டுக்காரர வாய ஊதச் சொல்லிப் போலீசு கூட்டிட்டுப் போச்சு. பக்கத்துலதான் நின்னேன். என்னையும் ஊதச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சோடியாப் போயிருப்போம்."

அவள் சிரித்தாள். நான் அன்றே பெட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் வழங்கவில்லை என்று மெமோ வந்தது. கணவனுக்குக் குற்றமாகும் பொருளை அவன் மனைவியின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நான் கொடுக்கலாமா, கொடுக்கலாம் என்றால் எழுத்து மூலம் உத்தரவு வேண்டும் என்று பதில் எழுதினேன். மேலதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"இம்புட்டு நாளாக் குடுத்ததுதானம்மா? பெரிய படிப்புப் படிச்சவுக அனுப்பியிருக்காக. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அதையே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இப்பவே சாவியத் தர்றேன்."

பேனாவை எடுத்தார். யோசித்தார். "மேல கேட்டுருவோம்" என்று மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். மேலே கேட்ட விஷயத்தில், பதில் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. அந்த நடைமுறையை நான் அவரைவிட நன்றாக அறிவேன்.

நெசவாளியின் மனைவிக்குத்தான் கோபம். "அம்புட்டுப் பேருக்கும் குடுத்துட்டு நான் வாரப்பத்தான் பூட்டணுமாக்கும்?"

"உனக்காகத்தான் பூட்டினேன்."

"எனக்காகன்னா வந்து நூலச் சுத்துங்க."

எனக்கு நூல் சுற்றத் தெரியாது. சான்றிதழ் எழுதத் தெரியும். மதியத்துக்கு மேல் அவள் ராட்டையில் உட்காரக் கூடாது என்று எழுதி, தறி முதலாளிக்கு அனுப்பினேன். அதற்குச் சட்ட பலம் கிடையாது; ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. விடுதிப் பால் பவுடரைக் கரைத்து, தினமும் என் எதிரில் குடிக்க வைத்தேன். திட்டிக்கொண்டே குடித்தாள்.

பெண் குழந்தை. மதுரை ரோடு வரை கேட்கும்படி அழுதது. டானிக்கை நிறுத்தியதால்தான் என்று சாதிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. கொடுக்கச் சொன்னவர்களிடமும் ஆதாரம் எதுவும் இருந்ததில்லை.

பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புவது என் கடமை. என் பணிக்காலத்தில் அந்த ஒரு கடமையில் மட்டும் தெரிந்தே தவறினேன். அலமாரியில் பாட்டில்களின் தக்கைகள் காய்ந்து உள்ளே விழுந்தன.

பதில் வந்தது, பள்ளிக்கூடம் திறந்த ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை. அந்தப் பெண் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, எனக்கு மிட்டாய் கொடுக்க அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்த அன்று.