புயல் கேட்ட முதல் பங்கு

எழுபதுகளின் நடுவில் துபாய் தேராவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நான் கிளார்க். வாரம் முழுக்க அங்கே மாரடித்துவிட்டு வெள்ளிக்கிழமையாவது படுத்துத் தூங்கலாம் என்றால் முடியாது. ஊரில் எடுத்த பாலிசிகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரூமுக்கே வந்துவிடுவார்கள். படித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும். அலுத்துப்போயிருந்தது எனக்கு.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், தெருமுனையில் துணிக்கடை வைத்திருந்த பாய் வந்தார். காயல்பட்டினத்துக்காரர். அங்கெல்லாம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து தங்குவார். இவரும் பத்து வருஷச் சம்பாத்தியத்தைக் கொட்டி ஒரே மகளுக்கு மாடிவீடு கட்டியிருந்தார். நிக்காஹுக்குத் தேதி குறித்தாயிற்று, ஊருக்குப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் புயல் அடித்து, மணமக்களுக்கென்று கட்டிய மாடி அறையின் ஓட்டுக்கூரையை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"கூரைக்கு இன்ஷூரன்ஸ்ல குடுத்துருவாங்கல்லா தம்பி?" என்றார்.

பாலிசியைப் புரட்டினேன். தீப்பிடித்தால் ஒரு கணக்கு, புயலுக்கு வேறு கணக்கு. புயல் சேதத்தில் முதல் பங்கை வீட்டுக்காரர்தான் தன் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் ஆவதைத்தான் கம்பெனி தரும். சேதத்தில் இத்தனை சதவீதம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. வீட்டுக்கு எழுதியிருக்கும் மொத்தத் தொகையில் நூற்றுக்கு இரண்டு. பாயின் வீட்டுக்கு எழுதியிருந்த தொகையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாய், உங்க வீடு இவ்வளவா பெறும்?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "பாதிதான் பெறும். சம்பந்தி பெரிய எடம் தம்பி. வீடு என்ன மதிப்புன்னு கேட்டா எடுத்துக் காட்டலாமேன்னு ரெண்டு மடங்கா எழுதச் சொன்னேன். ஏஜென்ட் மறுபேச்சு பேசாம எழுதிட்டான்."

ஏன் பேசப் போகிறான், பிரீமியமும் கூடத்தானே வரும். எனக்கு அந்த ஏஜென்ட் மேலும் கோபம், இந்த மனுஷர் மேலும் கோபம். மொத்தத் தொகை இரண்டு மடங்கானதால் அவர் போட வேண்டிய முதல் பங்கும் இரண்டு மடங்காகி, கூரைச் செலவு முழுவதையும் விழுங்கிவிட்டது. இரண்டு தரம் விளக்கினேன். மூன்றாம் தரம் அவரே கேட்டார்.

"நெசமான மதிப்ப எழுதியிருந்தா?"

"பாதிக் கூரைக்காவது கெடைச்சிருக்கும்."

"இப்ப?"

தமிழில் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் இல்லை என்பதை அரபியில், "மாஃபி, பாய்" என்றேன்.

அவர் பாலிசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சம்பந்தி வீட்டில் இதைப் பார்த்தார்களா என்று கேட்டேன்.

"கேக்கவே இல்ல தம்பி. நல்ல மனுசங்க."

மறுவாரமே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தைக் கூரைக்கு அனுப்பினார். குறித்த தேதியிலேயே கல்யாணம் நடந்தது. பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் தகப்பன். அவர் இடத்தில் அவருடைய தம்பி உட்கார்ந்தாராம்.

கல்யாணத்தன்றைக்கு மனசு கேட்காமல் ஆபீஸிலிருந்து கடைக்குப் போனேன். பட்டாணியர் ஒருவருக்குத் துணி அளந்துகொண்டிருந்தார் பாய். புதுச் சட்டை போட்டிருந்தார், அத்தர் மணத்தது. என்னைப் பார்த்ததும் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"ஊருல இப்ப மணி என்ன இருக்கும் தம்பி?"

பத்து வருஷமாக இங்கே இருப்பவருக்கு அது தெரியாதா? இருந்தும் வாட்சைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"ஜல்தி பாய்" என்றார் பட்டாணியர்.

"அச்சா, அச்சா" என்று கத்திரிக்கோலை எடுத்தவர், துணியைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்ப எம் மொவளக் கட்டிக் குடுத்தாச்சு."