அருளம்மாளுக்காக இருண்ட தெரு

அருளம்மாளைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால், அது நானாக இருக்கக் கூடாது என்பது என் மருமகள் தாரணியின் கருத்து. "அத்தை, நீங்க எழுதினா அவங்க கடைசியில ஏரோப்ளேனே ஓட்டிருவாங்க" என்றாள். ஓட்டமாட்டாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குச் சைக்கிளே வராது.

எங்கள் கடற்கரை ஊரான தஞ்சோங் கிளிங்கில் அவள் எங்கள் எதிர்வீடு. அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவரின் மகள். வயதில் எனக்கு இளையவள், வாயில் மூத்தவள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தே தலை நரைத்தவள். காலையிலிருந்து மாலை வரை யாரோ யாருடனோ பேசுவதற்கு வழிவிடுகிற வேலை. தன் லைனில் ஒரு கால்கூடப் பாதியில் அறுந்ததில்லை என்பாள். பொய் சொல்லும் பழக்கம் எனக்குத்தான் உண்டு, அவளுக்கு இல்லை, ஆகவே நம்புகிறேன்.

அவள் ஓய்வு பெற்றபோது, அங்கே நெடுநாள் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தம் ரேடியோவைக் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டுக்காகத் திருப்பியவள், நிலையங்களெல்லாம் முடிந்த பிறகும் முள்ளைக் கீழே தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். அங்கே ஒரு மெல்லிய விசில். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, கொஞ்சம் மௌனம், மறுபடி அதே. ஒரு விமான நிலையத்தின் வழிகாட்டிக் கோபுரம் அது. விமானிகளுக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தன் பெயரின் எழுத்துகளைத் தந்திக் குறியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். செய்தி இல்லை, விளம்பரம் இல்லை. தன் பெயர் மட்டும். அன்றிலிருந்து இவளுக்கு அதுதான் வேலை. பழைய கேரம் பலகையை உடைத்துச் சட்டத்தை மட்டும் எடுத்து, அதில் செப்புக் கம்பி சுற்றி, ஏரியலாக வைத்துக்கொண்டாள்.

முதல் முறை அவள் என் காதில் ஹெட்போனை மாட்டியபோது, தமிழ்ப் பள்ளியில் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்திய, பட்டம் பெற்ற நான், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அருளு, உன் ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கு" என்றேன். மறுநாள் பசாரில் மீன் வாங்கும்போது நானும் அருளம்மாளும் சேர்ந்து விமானங்களை இறக்கி வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோபுரங்களை இப்போது ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். விமானங்களுக்குச் செயற்கைக்கோளே போதுமாம். அவள் அதற்காக ஒப்பாரி வைக்கிறவள் இல்லை. ஹோட்டல் சுவிட்ச்போர்டைக் கழற்றியபோதும் டீ குடித்துக்கொண்டு பார்த்தவள்தான். ஆனால் ஒரே ஒரு கோபுரம் அவளைப் படுத்திவிட்டது. கடலுக்கு அப்பால், சுமத்ராவுக்கும் அந்தப் பக்கம், ஒரு சின்னத் தீவில் இருப்பது. பொழுது சாயும் நேரத்தில் மட்டும் எழும்பும். இருட்டியதும் வேறொரு பெரிய நிலையம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாலை அதன் முதல் எழுத்தைக் கேட்டாள். இரண்டாவது எழுத்து தொடங்கும்போது 'கர்ர்' என்று ஓர் இரைச்சல் வந்து மூடிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவளுடைய ரேடியோக் கூட்டாளிகள் இணையத்தில் சொன்னார்கள்: கார்த்திகை தீபத்தன்றோடு அந்தக் கோபுரம் நிறுத்தப்படுகிறது.

"பாதிப் பேர் சொல்லி லைன் அறுந்துபோச்சு டீச்சர்" என்றாள். "மீதியைக் கேக்காம விட்டா நான் என்ன ஆபரேட்டர்."

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு வடிவேலுவின் மீன் தொட்டி. அதில் பெண்டாட்டியைவிடச் செல்லமாக ஓர் அரோவனா மீன் வளர்க்கிறார். அருளம்மாள் போய் பம்பை நிறுத்தச் சொன்னாள். அவரும் நல்ல மனுஷர், நிறுத்தினார். இரைச்சல் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இன்னும் கொஞ்சம் என்று இவள் ரேடியோவைத் திருகிக்கொண்டேயிருக்க, மீன் மேலே வந்து மூச்சுக்கு வாயைப் பிளந்து, நூலிழையில் பிழைத்தது. வடிவேலு அதன்பின் எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். இனி இந்தத் தெருவில் யாரிடமும் போய் எதையும் நிறுத்தச் சொல்லமாட்டேன் என்று அருளம்மாள் வைராக்கியமாகச் சொல்லிவிட்டாள். தாரணி காரில் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே தேங்காய் ஷேக் கடைகளின் ஜெனரேட்டர்கள் எல்லாம் சேர்ந்து, எங்கள் தெரு இரைச்சலைத் தாலாட்டு என்று சொல்ல வைத்துவிட்டன.

சரி, துப்பறியும் வேலையை நானே ஏற்றேன். கேரம் சட்டத்தின் விளிம்பு இரைச்சல் இருக்கும் பக்கம் நீண்டால் உரக்கக் கேட்கும், முகம் திரும்பினால் அடங்கும். பொழுது சாய, நான் சட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, அருளம்மாள் ரேடியோவுடன் பின்னால் வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டுக்காரர் எதைத் திருட்டுத்தனமாக ஓட்டுகிறார் என்று நான் கிசுகிசுவென்று விளக்கிக்கொண்டே வந்தேன். சந்தேகத்தில் ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. தெருவைச் சுற்றித் திரும்பும்போது இரைச்சல் ஏறியது. ஏறி ஏறி, ஒரு கேட்டின் முன்னால் காது கிழிந்தது. நல்ல பச்சை பெயின்ட் அடித்த கேட். என்னுடையது.

உள்ளே சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பின்னால், தாரணி வாங்கிவந்து மாட்டிய மின்சார ஒளிவட்டம் சிவப்பும் பச்சையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த சுவிட்சைத் தட்டுவது நான்தான். பெருமையாகத் தட்டுவேன்.

"சாமியே சிக்னல் குடுக்கிறாரு போல அருளு" என்றேன்.

"சாமி குடுக்கல டீச்சர். உங்க அடாப்டர் குடுக்குது."

அதைக் கழற்றினேன். முருகன் கோபிக்கவில்லை, வட்டம் இல்லாமலும் களையாகத்தான் இருந்தார். ஆனால் மறுநாளே கார்த்திகை தீபம். எங்கள் தெருவில் தீபாவளிக்குக் கட்டுகிற, மினுக்கிக்கொண்டே இருக்கும் லிப்லாப் சர விளக்குகளை யாரும் கழற்றுவதில்லை. கார்த்திகைக்கு ஆச்சு, கிறிஸ்மஸுக்கு ஆச்சு, சில வீடுகளில் சீனப் பெருநாளுக்கும் ஆச்சு என்று கிடக்கும். கார்த்திகை மாலை அத்தனையும் ஒரே நேரத்தில் எரியும். என் ஓர் ஒளிவட்டம் போட்ட கூச்சலே அவ்வளவு என்றால், மொத்தத் தெருவும் சேர்ந்தால் தீவென்ன, கண்டமே கேட்காது.

வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அருளம்மாள்தான் போகமாட்டேன் என்றாள், நான் போயிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது ஒரு வெண்பா.

*எண்ணெய் விளக்கே எழில்விளக்கு மின்விளக்கு
கண்ணைக் கெடுக்கும் விளக்கு.*

இதை எழுதி, பழைய ஏட்டுச் சுவடி ஒன்றில் கண்டது, கார்த்திகை மாலை பொழுது சாய்ந்து முழு இருட்டு வரும்வரை அகல் விளக்கு மட்டுமே ஏற்றுவது மரபு என்று சேர்த்து, அன்றிரவே தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. மறுநாள் மதியத்துக்குள் அலோர் காஜாவிலிருந்து என் அக்கா மகளே அதை எனக்கு அனுப்பிவிட்டாள், பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்ற உறுதிமொழியோடு. வடிவேலு ஒருவர்தான் கேட்டார். அதுவும் மீன் தொட்டிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"பழைய ஏட்டுல மின்விளக்கு எப்படிலா வந்துச்சு டீச்சர்?"

"மின்னுற விளக்குன்னு அர்த்தம் தம்பி" என்றேன். அவர் அதை விட்டுவிட்டு, "இன்னிக்கு மீன் நல்லா சாப்பிட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகை மாலை. சூரியன் கடல் பக்கம் இறங்க, தெருவில் ஒரு லிப்லாப் எரியவில்லை. வாசலுக்கு வாசல் அகல். எனக்கே ஒரு கணம் அந்தச் சுவடி உண்மையோ என்று தோன்றியது. அருளம்மாளின் முன்னறையில் அவள் சட்டத்தைத் திருப்பி வைத்தாள். எனக்கு ஒரு காது, அவளுக்கு ஒரு காது என்று ஹெட்போனைப் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு. இரைச்சல் இல்லை. கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி அமைதி. அதற்குள் எங்கோ தொலைவில், ஒரு விசில் எழும்பப் பார்த்தது.

அந்த நேரம் வாசலில் சத்தம். என் வீட்டில் என்னைத் தேடிவிட்டு, ஆள் எதிர்வீட்டில்தான் இருக்கும் என்று தெருவே அகலும் கையுமாக இங்கே வந்து நிற்கிறது. சுவடியில் மீதிப் பாட்டு என்ன, டீச்சர் விளக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு பெரியவர் மைக் வைத்த ஸ்பீக்கர் பெட்டியையும் உருட்டி வந்திருந்தார். அதன் ஒயரை அருளம்மாளின் ப்ளக்கில் சொருக இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அருளம்மாள் ஹெட்போனைக் கழற்றாமல் என்னைப் பார்த்தாள். கெஞ்சல் என்று சொல்லமாட்டேன். நெடுநாள் ஆபரேட்டராக இருந்தவள், வந்த அழைப்பை யாரிடம் மாற்றிவிட வேண்டும் என்று தெரிந்தவள், அப்படிப் பார்த்தாள்.

"டீச்சர். நீங்க சொன்ன சுவடிதானே. நீங்களே பேசுங்க."

என் பக்கத்துக் காதுக்குழலை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனேன். மைக் வேண்டாம், சுவடிப் பாட்டை வாய்மொழியாகவே கேட்க வேண்டும், அதுவும் சன்னமான குரலில், தெருமுனைக்குத் தள்ளி நின்று என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அங்கே நின்று, இல்லாத சுவடியின் இல்லாத புலவருக்கு ஊர், பேர், அவர் மனைவியின் கோபம், ஓலையைக் கறையான் அரித்த விதம், எல்லாம் கொடுத்தேன். எழில் என்ற சொல்லுக்கு உரை சொன்னேன். சொல்லச் சொல்ல மேற்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக எந்த வகுப்பும் என்னை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. எனக்கோ, ஒரு காது முழுக்க அந்த வீட்டுப் பக்கம்தான்.

'கண்ணைக் கெடுக்கும்' என்ற இடத்துக்கு வந்தபோது அருளம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க அகல் வெளிச்சம் போதவில்லை. பக்கத்திலிருந்த மின்கம்பத்தில் மோதிர விரலால் தட்டினாள். இடைவெளி விட்டுத் தட்டினால் நீளம், சேர்த்துத் தட்டினால் குட்டை என்று அவள் எனக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள், நானும் புரிந்ததாகத் தலையாட்டியிருக்கிறேன். முதல் எழுத்து. சற்று நிறுத்தம். இரண்டாவது எழுத்து. மூன்றாவதும் இருந்தது. முழுசாக, அறுபடாமல், மறுபடியும் ஒரு முறை தட்டினாள்.

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் பேச்சை நிறுத்தி, எல்லாம் விளங்கிய மாதிரி அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். கூட்டத்திலும் சிலர் தலையாட்டினார்கள். வடிவேலு திரும்பிப் பார்த்து, "ஆண்ட்டி, கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு" என்றாள் அருளம்மாள். "இனிமே லைட்டப் போட்டுக்கச் சொல்லுங்க."