உடைசல் கணக்கில் வராது

என் மாமியாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மீதிப் பேர், "பிஸ்கட் அத்தையா? தங்கமான மனுஷியாச்சே" என்பார்கள். இரண்டு கூட்டமும் சொல்வது சரிதான். ஆனால் இவர்களில் ஒருவர்கூட அவரோடு ஒரே சமையலறையில் நின்றதில்லை. நான் ஏழு வருடமாக நிற்கிறேன்.

அத்தை இருபத்திரண்டு வருடம் ஒரு பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் மேசையில் நின்றவர். நின்றவர் என்றால் நிஜமாகவே நின்றவர்; அங்கே நாற்காலி கிடையாது. பெல்ட்டில் வரும் பிஸ்கட்டைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அள்ளி உறையில் அடுக்க வேண்டும். உடைந்தது வந்தால் காலடியில் இருக்கும் தொட்டியில் தள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை உறை போடுவீர்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் டக்கென்று சொல்வார். எத்தனை உடைந்தது என்று கேட்டால், "உடைசல் கணக்குல வராதும்மா" என்று முடித்துவிடுவார்.

வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தின நாள், தொட்டியில் கிடந்த அந்த உடைசலைத்தான் கம்பெனி ஆளுக்கொரு கவரில் போட்டு அன்பளிப்பு என்று நீட்டும். அத்தை அதை ஒரு தடவைகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லையாம். பஸ் ஸ்டாப்பில் காக்கைக்குப் போட்டுவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வருவாராம். "இருவத்திரண்டு வருஷம் மாடு மாதிரி உழைச்சேன். முழுசா ஒரு பிஸ்கட் குடுக்க மனசு வரலியே, பாவிகளா!" ஒவ்வொரு வருடமும் மாவு பிசையும்போது இதைச் சொல்லிச் சொல்லித்தான் பிசைவார். மாவு பதமாக வருவதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

வேலையை விட்ட முதல் வருடமே அத்தை ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு அட்டைப் பெட்டி, பெட்டிக்கு இருபது வெண்ணெய் பிஸ்கட், மேலே பருமனான சர்க்கரைத் தூவல், சிவப்பு ரிப்பன். வீட்டுச் சொந்தக்காரர், டாக்டரம்மா, மருந்துக்கடைக்காரர், தையல்கார அக்கா என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரு பிஸ்கட்டின் விளிம்பு லேசாக உதிர்ந்திருந்தாலும் பெட்டிக்குள் போகாது. வட்டம் வெட்டுவதற்குக் கடையில் விற்கிற அச்சு எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பழைய கண்ணாடி டம்ளர் இருந்தது. அதைக் கவிழ்த்து மாவில் அழுத்தி ஒரு திருகு திருகினால் வட்டம் அச்சு அசலாகக் கம்பெனி அளவில் வருமாம்.

வட்டம் போக மிஞ்சும் மாவை மறுபடி உருட்டி, மறுபடி தேய்த்து, மறுபடி வெட்டுவோம். கடைசியில் இனி உருட்ட முடியாது என்று ஆகும்போது கோணல்மாணலாகக் கிடக்கும் ஓரங்களை அப்படியே தட்டில் போட்டுச் சுட்டுவிடுவோம். அதுவும், சுடும்போது உடைந்ததும் சேர்ந்து ஒரு கவர் நிறையும். அந்தக் கவர் யாருக்கு என்கிறீர்கள்? என் அம்மாவுக்கு.

"போற வழியில உங்கம்மாகிட்ட குடுத்துடு" என்பார் அத்தை, முகத்தைப் பார்க்காமல். காக்கைக்குப் போட்ட மகராசிக்கு இது உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? சண்டை போட்டேனா? இல்லை. அம்மாவிடம் போய், "அத்தை உனக்குன்னே தனியா எடுத்து வச்சாங்கம்மா" என்று ஏழு வருடமாகப் பொய் சொன்னேன். அம்மாவும் முகம் மலர வாங்கிக்கொள்வார்.

இந்த வருடமும் அப்படித்தான் நடந்தது. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பெட்டியும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு வீட்டிலும் அத்தை, "லீவு அன்னைக்குத்தான் பிரிக்கணும், சொல்லிட்டேன்" என்று மிரட்டிவிட்டு வந்தார். நான் கவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரின் விளிம்பில் விரல் இடறியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தளவு ஒரு துண்டைக் காணோம்.

"அத்தை, இது முன்னாடியே உடைஞ்சிருந்ததா?"

அத்தை வாங்கி, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். "நேத்து வெட்ட ஆரம்பிக்கிறப்போ முழுசா இருந்துச்சே" என்றார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தரையைக் கூட்டினோம், பலகையைத் துடைத்தோம், பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையைக் கழற்றிப் பார்த்தோம். துண்டு இல்லை. மேலே தூவிய சர்க்கரையும் கண்ணாடியும் ஒரே மாதிரி மின்னும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கம்பெனியில் ஒருமுறை பல்பு வெடித்து மூன்று நாள் பெல்ட்டை நிறுத்தினார்களாம். அதற்கப்புறம் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். இதெல்லாம் தெரிந்த பொம்பளை வீட்டில் கண்ணாடி டம்ளரை வைத்து வெட்டியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"போன் போட்டு எல்லாருக்கும் சொல்லிடலாம் அத்தை. யாரும் வாயில வைக்காதீங்கன்னு."

"என்னன்னு சொல்லுவ? கண்ணாடியைப் போட்டுக் குடுத்தோம்னா? ஐயோ, வேணாம். உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடலாம்."

"உயிர் போற விஷயத்துல மானம் பாக்குறீங்களே!"

"கத்தாத. செருப்பைப் போடு, கிளம்பு" என்றார். சண்டை போட நேரமில்லாமல் கிளம்பினேன்.

வீட்டுச் சொந்தக்காரர் வீட்டில் பெட்டி ரிப்பன்கூடக் கலையாமல் ஷூ அலமாரி மேல் இருந்தது. "நாங்க சர்க்கரையைத் தொட்டே வருஷமாச்சும்மா" என்றார். டாக்டரம்மா அவருடைய பெட்டியை நர்ஸுக்குக் கொடுத்திருந்தார். நர்ஸ் அதைத் தையல்கார அக்காவுக்குக் கொடுத்திருந்தார். தையல்கார அக்கா வீட்டில் போய்ப் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெட்டி, வேறொரு வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் செய்யறதை யாரும் தின்னறதே இல்லியா?" என்று படியிறங்கும்போது கேட்டார். எனக்கு அந்த நிமிடம் யாரும் தின்னாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

தின்றவர்களும் இருந்தார்கள். மூன்று வீட்டில் பெட்டியைப் பிரித்திருந்தார்கள். அத்தை ஒவ்வொருவரிடமும், "வயிறு வலிக்குதா? தொண்டையில குத்துதா?" என்று கேட்டார். "உப்பு கூடினதுக்கு எதுக்குங்க தொண்டையில குத்தப்போகுது?" என்று ஒருத்தர் திருப்பிக் கேட்டார். மருந்துக்கடைக்காரரின் மூன்று வயது மகள் வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் மென்றுகொண்டிருந்தாள். அத்தை ஓடிப்போய், கன்னத்தைப் பிடித்து, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டார். குழந்தை வீல் என்று அலறியது. "ஏங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று அவள் அம்மா ஓடிவந்தாள். அத்தை உள்ளங்கையில் இருந்த கூழை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. குழந்தையின் அம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அத்தை அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மதியத்துக்குள் பன்னிரண்டு பெட்டியும் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டன. இருநூற்று நாற்பதில் ஒன்பது குறைந்தது. ஒன்பதைத் தின்றவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். மிச்சத்தைத் துணியில் கட்டி நசுக்கினோம். சல்லடையில் சலித்தோம். பயம் தீராமல் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கியதை விரலால் துழாவினோம். வெந்நீரில் சர்க்கரை கரைந்தது, மாவு கரைந்தது. கண்ணாடி இல்லவே இல்லை.

"அப்பாடா!" என்று அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார். "மாவுலயே விழல. கழுவுறப்போ உடைஞ்சு தண்ணியோட போயிருக்கும். ஒரு டீ போடும்மா, உசுரே திரும்பி வந்த மாதிரி இருக்கு."

டீத்தூளை எடுக்க அலமாரியைத் திறந்தேன். டப்பாவுக்குப் பக்கத்தில் காலிக் கவர்களின் கட்டு இருந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"அத்தை, ஓரமெல்லாம்?"

"எந்த ஓரம்?"

"வெட்டினது போக மிஞ்சினது. கடைசியா சுட்டோமே. உடைசல்."

"அது கணக்குல..." என்று ஆரம்பித்தவர் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

டம்ளரின் விளிம்பு உடைந்தால் துண்டு விழுவது வெட்டு விழுகிற இடத்தில்தான். அங்கிருந்து அது ஓரத்தோடு ஓரமாக உருண்டு உருண்டு, கடைசி ஓரத்துக்குத்தானே போய்ச் சேரும்? இது பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். காலையிலிருந்து ஊரான் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினேன். கண்ட பிள்ளையின் வாய்க்காகப் பதறினேன். பெற்றவளுக்கு என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தது நினைவுக்கு வரவில்லை. அத்தையைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. நானும்தான் அந்தக் கவரை எண்ணவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தும் எடுக்கவில்லை.

அம்மா ஒரு லாண்டரியில் துணி தேய்க்கிறவர். கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில்தான் குடியிருக்கிறார். பல் பாதி போய்விட்டதால் பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து, கரண்டியால் எடுத்து அப்படியே முழுங்குவார். மெல்லவே மாட்டார். அதை நினைத்து நினைத்து வழியெல்லாம் ஓடினேன். பின்னால் அத்தை, "இரும்மா, நானும் வரேன், இரு" என்று மூச்சிரைக்க ஓடிவந்தார்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாயில் ஒரு துணியை அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைத் தலையணைக்கடியில் தள்ளினார். அது சிவப்பாக இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"நாக்கைக் கடிச்சுக்கிட்டேன் கண்ணு. வேற ஒண்ணுமில்ல." வார்த்தை குழறியது. எனக்குப் பின்னால் அத்தை நிற்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சம்பந்தியம்மா, உக்காருங்க. பிஸ்கட் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."

"அம்மா, அதுல கண்ணாடி இருந்துச்சா?"

"கண்ணாடியா? அதெல்லாம் இல்லியே."

ஜன்னல் ஓரத்தில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அம்மா வீட்டில் லைட்டர்தான், தீப்பெட்டி எதற்கு? அம்மா தடுப்பதற்குள் எடுத்துத் திறந்தேன். காகிதத்தில் மடித்து ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கிடைத்துவிட்டது, வாயோடு போயிற்று, உள்ளே போகவில்லை என்று நினைத்தேன்.

அத்தை பையிலிருந்து டம்ளரை எடுத்தார். காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டே அலைந்திருக்கிறார். துண்டை வாங்கி விளிம்பில் பொருத்திப் பார்த்தார். ஒரு பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. மறு பக்கம் பாதி இடம் காலியாக இருந்தது.

"மிச்சம் எங்க சம்பந்தி?"

அம்மா என்னைப் பார்த்தார். "அவ்வளவுதான் கையில வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி முழுங்கிட்டேன்."

"எப்போ?"

"காலையில."

"காலையிலயா? ஏம்மா போன் எடுக்கல?"

"பேசினா நாக்கு குழறுது. கண்டுபிடிச்சுடுவ." அப்புறம் குரலைத் தாழ்த்தினார், அத்தைக்குக் கேட்காது என்ற நினைப்பில். "வெளிய தெரிஞ்சா உனக்கு அந்த வீட்ல பேச்சு வரும்ல."

"கண்ணாடின்னு தெரிஞ்ச பிறகும் மீதியை ஏன் சாப்பிட்ட? தூக்கி எறிய வேண்டியதுதானே?"

"விரலால ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்துத்தான் சாப்பிட்டேன். எனக்குன்னே தனியா எடுத்து வச்சாங்கன்னு சொன்னியே. எப்படித் தூக்கி எறியறது?"

நான் அத்தையைப் பார்க்கவில்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "வலியெல்லாம் இல்ல, லேசாத்தான் இருக்கு" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அத்தை தன் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கு இருந்தது ஒரே நினைப்புதான்: எனக்கு அம்மா வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

அவசரப் பிரிவில் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஒரு நர்ஸ் தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எக்ஸ்ரேக்கு முன்னால் சில விவரம் வேண்டுமாம்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"பிஸ்கட்டும்மா" என்று அம்மா முந்திக்கொண்டார். "நானே வீட்ல செஞ்சது. கவனிக்காம ஏதோ விழுந்துடுச்சு."

"இல்ல" என்றார் அத்தை. காலையிலிருந்து பன்னிரண்டு வீட்டில் உப்பு உப்பு என்று சொன்ன வாய் அது. "நான் செஞ்சது. கண்ணாடி டம்ளரை வச்சு வெட்டினேன். விளிம்பு உடைஞ்சு மாவுல விழுந்துடுச்சு. நல்லதையெல்லாம் பெட்டியில போட்டு ஊருக்குக் குடுத்துட்டு, உடைசலை இவங்களுக்குக் குடுத்தேன். வருஷா வருஷம் அதைத்தான் குடுத்தேன்."

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார். "மொத்தம் எத்தனை?"

அத்தை வாயைத் திறந்தார். எத்தனை உறை, எத்தனை பெட்டி, எத்தனை பிஸ்கட் என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்கிறவர். உதடு அசைந்தது, எண் வரவில்லை.

"எண்ணலம்மா" என்றார். "அதை மட்டும் எண்ணல."

கட்டிலில் இருந்து அம்மாவின் கை எழுந்தது. அதற்குமேல் பேச முடியாமல் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கி, மறுபடி பத்தையும் விரித்தார். அப்புறம் மூன்று விரல்.

"இருபத்து மூணா?" என்று நர்ஸ் கேட்டார். அம்மா தலையசைத்தார். நர்ஸ் எழுதிக்கொண்டு கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.