‘எ’ எழுதிய பக்கம்

என் கணவர் எலியேசர் கார்க்கமோ படகு மோட்டார் பழுது பார்ப்பவர். சிலி நாட்டின் சிலோயேயில், எங்கள் சின்னத் தீவில் அவர் கை படாத மோட்டார் கிடையாது. கைதான் அப்படி. அன்பாக ஒரு சொல் சொல்லவேண்டி வந்தால், பல் பிடுங்கக் காத்திருப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அந்த மனிதருக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? அமெச்சூர் ரேடியோ!

மாமியார் இறந்த வருஷம், அவருடைய மரவீட்டை அடியில் கட்டை கொடுத்து, எருது பூட்டி, ஊர் கூடி எங்கள் நிலத்துக்கு இழுத்து வந்தோம். வீட்டை இழுப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. இவருடைய தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இழுத்ததுதான் தப்பு. நோல்பெர்த்தோ மீன்பிடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் நாலு கல் கிடந்தது. வந்த படகிலேயே ஏறித் தெற்கே போனவன், அங்கேயே தங்கிவிட்டான்.

ஒன்பது வருஷம் கழித்து ரேடியோவில்தான் அண்ணன் தம்பி மறுபடி பேசினார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு. காற்று, மீன், உருளைக்கிழங்கு. வீட்டைப் பற்றி மட்டும் இருவரும் மூச்சு விடமாட்டார்கள். அண்ணன் எதைச் சொல்லி முடித்தாலும் நோல்பெர்த்தோ “கோப்பியாதோ” என்பான். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகவே இவர் ஆறு மணிக்குக் காத்திருப்பார்.

பிறகு தீவுக்கு மின்சாரம் வந்தது. ஊரே ஆடு சுட்டுத் தின்று கொண்டாடியது. எங்கள் ரேடியோவிலோ கரண்ட் கம்பியால் ஓயாத இரைச்சல். பேட்டரியில் பேசும் நோல்பெர்த்தோவின் மெலிந்த குரல் அதில் மூழ்கிப்போனது. நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கும். அவன் பேசுவது எங்களுக்குக் கேட்காது.

“பேசறதுக்கு இப்ப இருக்குற உசரக் கம்பி போதும். கேக்கறதுக்கு மட்டும் தனியா ஒண்ணு இழுக்கணும், கரண்ட் கம்பிக்கு எட்டத்துல” என்றார்.

வேலிக்கால்களின் மேல் தெற்குப் பார்த்து இருநூறு மீட்டர் கம்பி இழுத்தார். அதன் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்து, மண்ணோடு இணைத்து, மழை படாமல் காப்பி டப்பாவால் மூடினார். ரேடியோவில் ஆன்டெனா மாட்ட ஒரே துளைதான் இருந்தது. அதனால் நடுவில் ஒரு பெட்டி, அதில் ஒரு சுவிட்ச். கேட்க ஒரு பக்கம், பேச மறுபக்கம். என் நகப்பூச்சை எடுத்து ஒரு பக்கத்தில் மட்டும் ‘எ’ என்று எழுதினார்.

அன்று மாலை முதலில் கேட்டது நோல்பெர்த்தோவின் இருமல். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை.

பத்தாம் நாள் இவருக்கு நெஞ்சுவலி. காஸ்த்ரோ நகர ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில் ஏற்றும்போது என்னைக் குனியச் சொன்னார்.

“அந்த வீட்ல பாதி உன்னுதுன்னு அவன்ட்ட சொல்லு. கேக்காம இழுத்தது தப்புன்னு சொல்லு.”

“இத்தனை வருஷமா வாயில என்ன, உருளைக்கிழங்கா வச்சிருந்தீங்க?”

“சூடான கிழங்கு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல” என்று சிரித்தார்.

மாலை ஆறு மணிக்கு ரேடியோ முன் உட்கார்ந்தேன். எமிசியோன், அதாவது பேசி அனுப்புவது, அதற்குத்தானே ‘எ’? அந்தப் பக்கம் வைத்தேன். நோல்பெர்த்தோவின் குரலும் அதிலேயே தெளிவாகக் கேட்டது. பிறகு ஏன் மாற்றப்போகிறேன்? மைக்கை அழுத்தினேன். ரேடியோவில் பவர் காட்டும் முள் ஒழுங்காக ஏறியது.

“தம்பி, நான் ஓர்ஃபெலினா. அண்ணன் ஒண்ணு சொல்லச் சொன்னாரு...” எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணே, இருக்கியா? ஒண்ணும் கேக்கலியே” என்றான்.

நாலு மாலை இப்படியே. ஐந்தாம் நாள் அவன் குரல் மாறிவிட்டது.

“மறுபடியும் மூஞ்சியத் தூக்கிட்டியா? வீட்டத்தான் இழுத்துட்டுப் போன. பேச்சையுமா? சரி, இனிமே நான் கூப்பிடல.”

“தம்பி! தம்பி!” என்று கத்தினேன். இரைச்சல்கூட இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இவர் கேட்டது ஒன்றுதான்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“கோப்பியாதோன்னான்.”

கண்ணை மூடிக்கொண்டார். முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. அடுத்த நாள் மதியம் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்த ரேடியோ நண்பர் சிக்ஸ்தோவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“பேசும்போது சுவிட்ச எந்தப் பக்கம்மா வச்ச?”

“‘எ’ பக்கம். எமிசியோன்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அது எஸ்குச்சாம்மா. கேக்கற பக்கம்.”

“முள்ளு ஏறிச்சே!”

“ஏறும். பவர் எங்க போகுதுன்னு அது சொல்லாது.”

வேலிக்கோடி வரை நடந்தோம். டப்பாவைத் திறந்தார். உள்ளே ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. பாவி மனுஷா, இன்னும் நாலு எழுத்து எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்? அவரைத் திட்டினேன். அதைவிட அதிகமாக என்னைத் திட்டினேன்.

சிக்ஸ்தோ படகுக்காரர்களிடம் சொல்லியனுப்பினார். மூன்று வாரம் கழித்து நோல்பெர்த்தோ வந்தான். அவனையும் அந்த வேலிக்கோடிக்கு அழைத்துப் போய் டப்பாவைத் திறந்து காட்டினேன்.

“அஞ்சு நாளும் பேசுனேன் தம்பி. எல்லாம் இங்க வந்து எரிஞ்சு போச்சு.”

அவன் அதைத் தொடவில்லை. “இப்ப சொல்லு அண்ணி.”

சொன்னேன். வீட்டில் பாதி உன்னுடையது என்றேன். கேட்காமல் இழுத்தது தப்பு என்று சொல்லச் சொன்னார் என்றேன். அவன் கடலைப் பார்த்தபடி நின்றான்.

“நான் என்ன சொன்னேன்னு அண்ணன்ட்ட சொன்ன?”

மறைக்க முடியவில்லை. “நீ கோப்பியாதோன்னு சொன்னதா பொய் சொல்லிட்டேன்.”

அவன் டப்பாவை எடுத்து மூடினான். பிறகு கம்பிக்குப் பக்கத்தில் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“கோப்பியாதோ, அண்ணே.”