பாலிஷ்காரரின் கால்

மூன்றாவது மாடியில், சன்னலோரத்து நாற்காலியில் அந்த மனிதர் முடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மரச் சாமான்களுக்கு பாலிஷ் போடுவது அவர் தொழில். அவர் தேய்த்த மேசையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். ஒரு நாள் அலமாரியை நகர்த்தும்போது அதன் முனை கணுக்காலுக்கு மேல் கிழித்துவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. கீறல் புண்ணாகி, புண் குழியாகி, அவரை அந்த அறைக்குள் அடைத்துவிட்டது. படி இறங்க முடியாது. குந்தி உட்கார்ந்து ஒரு பலகையைத் தேய்க்க முடியாது.

"எலும்பு வரைக்கும் போச்சுன்னா காலை எடுக்க வேண்டியதுதான்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

மாத்திரை விழுங்கினால் வீக்கம் அடங்கும். நிறுத்தினால் பழையபடி பொங்கும். ஆனாலும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அதன் மேல் வெளிர் மஞ்சளாக, மெல்லிசாக, பளபளவென்று ஒரு படலம் தெரியும். பலகையின் மேல் முதல் பூச்சு பிடித்தது போலவே இருக்கும். பூச்சு இறுகும்வரை விரல் படக்கூடாது என்பது அவர் கையில் ஊறிய பாடம்.

"தோல் கட்டுது. யாரும் தொடாதீங்க" என்று அதட்டுவார். கட்டுப் போட வரும் நர்ஸ் பயந்துபோய், மேலாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்று வந்தவள் புது நர்ஸ். பயப்படுகிறவளாகத் தெரியவில்லை.

"ஐயா, இது தோலே இல்ல. கிருமிங்க கூட்டமாச் சேர்ந்து, பிசின் மாதிரி ஒண்ணைச் சுரந்து, அதுக்குள்ள பத்திரமாக் குடியிருக்குதுங்க. நீங்க சாப்பிடற மாத்திரை அதுக்குள்ள சரியாப் போகாது. இதைச் சுரண்டி எடுத்தாத்தான் புதுச் சதை வளரும்."

"இத்தனை நாள் கட்டிக் காத்ததைச் சுரண்டுவியா? கை வெச்சுப் பாரு, நடக்கறதே வேற!"

"நீங்க நடக்கணும்னுதான் ஐயா நானே வந்திருக்கேன்."

"கிண்டலா? கிளம்பும்மா!"

நர்ஸ் பையை எடுத்தாள். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அவர் மனைவி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள், அன்று உடைந்துபோனாள்.

"உங்களுக்கு வாடையே தெரியலையாங்க?"

"என்ன வாடை?"

காலமெல்லாம் ஸ்பிரிட்டையும் வார்னிஷையும் சுவாசித்த அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. பாவம், அது அவருக்கே தெரியாது.

"உங்க தம்பி எட்டிக்கூடப் பாக்கறதில்லன்னு திட்டறீங்களே! வந்தவர் மாடிப்படியிலேயே வாந்தி எடுத்தார். உங்க மனசு நோகுமேன்னு, அவருக்கு வேலை அதிகம்னு பொய் சொன்னேன். முந்தானையை மூக்குல அழுத்திக்கிட்டு உங்க பக்கத்துலயே படுத்திருக்கேன். அந்தக் கிருமி உங்க காலைத் தின்னுதுங்க. நீங்க அதுக்குக் காவல் இருக்கீங்க!"

அவர் மனைவியையே பார்த்தார். அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. பிறகு காலை நர்ஸின் பக்கம் நீட்டினார்.

"சுரண்டும்மா."

மரத்துப்போக மருந்து தடவியும் உயிர் போகிற வலி. துண்டைக் கடித்துக்கொண்டார். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டாள். வழவழப்பாக வந்த மஞ்சளுக்கு அடியில் சிவந்த சதை தெரிந்து, ரத்தம் துளிர்த்தது. "ரத்தம் வருதுன்னா சதைக்கு உயிர் இருக்கு ஐயா" என்றாள் நர்ஸ். ரத்தத்தைப் பார்த்து முதல்முறையாக அந்த வீட்டில் இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் அடுத்த முறை கட்டைப் பிரித்தபோது, புண்ணின் ஓரத்தில் அதே பளபளப்பு.

"திரும்ப வந்துடுச்சே! ஏமாத்திட்டியேம்மா!" என்று குழந்தைபோல் விம்மினார்.

"வரும் ஐயா. மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டு இருக்கறது மறுபடி வீடு கட்டும். அது கட்டி முடிக்கறதுக்குள்ள நாம இடிச்சுடணும்."

"எத்தனை தடவை?"

"தெரியலையே."

"கால் தப்புமா?"

நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே, "இப்பவே சொல்ல முடியாது ஐயா" என்றாள்.

கீழே தெருவில் யார் யாரோ இரண்டு கால்களையும் வீசி நடந்துபோனார்கள். அவர் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ இனிமே அடுத்த ரூம்ல படுத்துக்கோ."

"ஆமா, இப்பத்தான் அக்கறை பொத்துக்கிட்டு வருது! பேசாம காலை நீட்டுங்க" என்று அவர் தோளை இறுகப் பிடித்தாள்.

அவர் நீட்டினார்.