ஞானவேல் வண்டி நிறுத்தக் கற்றது

ஞானவேலுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று மூஞ்சிக்கல் கடைவீதியில் எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். பழநி அடிவாரத்தில் விபூதியும் பஞ்சாமிர்தமும் விற்கும் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன் தம்பிகள் அத்தனை பேருக்கும் ஒரு கடை காணாது என்று கொடைக்கானலுக்கு ஏறி வந்து, குருநாதனின் கிழங்கு மண்டியில் சேர்ந்தான். பூண்டி, வில்பட்டி என்று ஊர் ஊராகப் போய், காட்டில் விளைந்து நிற்கும் உருளைக்கிழங்கையும் பூண்டையும் பார்த்து விலை பேசி வருவது அவன் வேலை.

அதற்காகத்தான் குருநாதன் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிப் போட்டிருந்தார். யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. எருமைக்கடா மாதிரி இருக்கும். சாய்ந்தால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். அதைக் கிளப்பவும் கியர் மாற்றவும் ஞானவேலுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. நிறுத்துவதைத்தான் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைவீதி சொன்னது ஒன்றே ஒன்று. மலைரோட்டில் முன் சக்கரத்துக் கைப்பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புறத் தூக்கி அடித்துவிடும். அதனால் அவன், அந்த வண்டியில் இடது காலுக்கு இருந்த பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகினான். மிதித்தால் வண்டி நின்றது. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில், வில்பட்டி விவசாயி திருமலைச்சாமி வீட்டில் காதுகுத்து. ஞானவேலின் மனைவி சிவபாக்கியம் அப்போது முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை.

"நடந்தே போயிருவோமே," என்றாள்.

"அம்புட்டுத் தொலவு எறக்கத்துல நடக்கப் போறியா? பின்னாடி ஒக்காரு பாக்கியம். பூப்போலக் கொண்டுபோயி எறக்குறேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையில் தாம்பூலத் தட்டு இருந்தது, மறு கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் பெய்த தூறலில் மேட்டுச் செம்மண் கரைந்து ரோட்டின் குறுக்கே வழிந்திருந்தது. ஒரு வளைவில் திரும்பியபோது எதிரே விறகுக்கட்டோடு பெண்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஞானவேல் பிரேக்கை ஓங்கி மிதித்தான். பின் சக்கரம் சுற்றுவதை விட்டுவிட்டு வழுக்கியது. வண்டியின் வால் அவன் சொல் கேளாமல் பக்கவாட்டில் வீசியது. விறகுக்காரிகள் மேட்டில் ஒதுங்கித் தப்பினார்கள். வண்டி சாய்ந்து சரிய, சிவபாக்கியம் ஓடைக்கல்லின் மேல் போய் விழுந்தாள்.

தானாகவேதான் எழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். விறகுக்காரி ஒருத்தி, கருப்பம்மாள் என்று பெயர், அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சிவபாக்கியத்தின் வயிற்றைப் பார்த்துவிட்டு ஞானவேலின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்புடியே திருப்பிக் கூட்டிட்டுப் போங்க தம்பி. நடத்தியே கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை கலைந்துவிட்டது.

சிவபாக்கியம் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். வண்டிச் சாவியைக் குருநாதனின் மேஜையில் வைத்துவிட்டுப் பூண்டிக்கு நடந்தே போனான். போய்த் திரும்ப இரண்டு நாளாயிற்று. அதற்குள் கிழங்கை வேறு மண்டிக்காரன் பேசி முடித்துவிட்டான். வண்டியை எடுக்க முடியாதென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று குருநாதன் சொல்லிவிட்டார்.

வத்தலக்குண்டு பஸ் ஓட்டும் ராமர் அவனுக்கு ஒத்த வயசுக்காரன், பழக்கமானவன். ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஞானவேல் நடந்ததைச் சொன்னான். கைப்பிரேக்கைத் தொடவேயில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். தப்பு செய்யவில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

ராமர் டம்ளரைக் கீழே வைத்தான். "என் பஸ்ஸுல நாலு பக்கமும் பிரேக் புடிக்குது. ஒனக்கு இருக்கதே ரெண்டு. அதுல நல்லாப் புடிக்கிறதை வேணாம்னு வச்சிட்டு ஓட்டியிருக்க."

"தூக்கி அடிச்சிரும்னாங்களே."

"வெடுக்குன்னு இழுத்தா அடிக்கும். பாலு கறக்குற மாதிரி மெல்ல ஆரம்பிச்சு இறுக்கணும். பாரம் முன்னால வந்து ஒக்காரும், ஒக்கார ஒக்கார இன்னுங் கொஞ்சம் இறுக்கு. சக்கரம் உருண்டுகிட்டே இருக்கணும்ப்பா. உருளுறது நின்னு போச்சுன்னா வண்டி யாரு பேச்சையும் கேக்காது. அதுவும் வளைவுக்கு முன்னாடியே முடிச்சிரணும். வளைவுக்குள்ள போயி மிதிக்கிறவன் சாமியத்தான் கூப்புடணும்."

ஞானவேல் டீக்காசை வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஏரிக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஆள் நடமாட்டமில்லாத நேர்ரோடு ஒன்று இருந்தது. குருநாதனிடம் சாவியைத் திரும்ப வாங்கி, வெள்ளனே எழுந்து வண்டியைக் கொண்டுபோய் அங்கே பழக ஆரம்பித்தான். முதலில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டி நிறுத்தினான். கைப்பிரேக்கின் மேல் விரல் வைத்தாலே உள்ளங்கை வேர்த்தது. ஒரு தடவை பயத்தில் பட்டென்று இழுத்து, வண்டியோடு சாய்ந்து, காலை விடுவித்துக்கொண்டு புல்லில் கிடந்தான். வழியே வந்த மாட்டுக்காரனைக் கூப்பிட்டுத்தான் தூக்க முடிந்தது. பிறகு விரல் மெல்லப் புரிந்துகொண்டது. இழுப்பதற்கும் இறுக்குவதற்கும் வித்தியாசம் தெரிந்தது. முன் சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிப்பது கைப்பிடி வழியாக உடம்புக்கு வந்தது. கால் பிரேக் அதற்கு ஒத்தாசை என்று விளங்கிற்று.

தனி வண்டி நின்றது. பின்னால் பூண்டுமூட்டையைக் கட்டிப் பார்த்தான். மூட்டை முன்னால் சரிந்து முதுகில் இடித்தது.

ஒருநாள் தூக்குவாளியில் காப்பியோடு சிவபாக்கியம் அங்கே வந்து நின்றாள். எப்படித் தெரிந்ததென்று அவன் கேட்கவில்லை. மூட்டை முதுகில் இடிப்பதை அவள் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஒங்க தோளு," என்றாள்.

"என்ன?"

"நிறுத்தணும்னு நெனைக்கும்போதே ஒங்க தோளு கல்லாட்டம் ஆயிருது. பின்னாடி ஒக்காந்தா தெரியும். அன்னைக்கும் அப்புடித்தான் ஆச்சு. முட்டியால டாங்கியைக் கவ்விக்கிட்டு, கையைத் தொவள விடுங்க."

அன்றைக்கு என்ற சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் முழங்கால்களால் பெட்ரோல் டாங்கியைக் கவ்வி, தோளைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தான். மூட்டை முன்போலச் சரியவில்லை. ஆனால் நிற்கும்போது கடைசியில் வண்டி முன்னால் குனிந்து ஒரு குலுக்குக் குலுக்கியது. அதற்கும் ராமர் வழி சொன்னான். நிற்கப்போகிற கடைசி முழத்தில் பிடியைக் கொஞ்சம் விட வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் முன்சீட்டுப் பொம்பளைகள் கம்பியில் முட்டிக்கொள்வார்கள் என்றான்.

கார்த்திகை பிறந்தபின் ஒரு காலையில், சிவபாக்கியம் மூட்டையை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

"நான் ஏறுறேன்."

"வேணாம் பாக்கியம்."

"மூட்டைக்கு வாயா இருக்கு, சொல்லுறதுக்கு?"

அவள் பின்னால் உட்கார்ந்தாள். கை மட்டும் அவன் இடுப்புக்கு வரவில்லை, இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஞானவேல் வேகமெடுத்தான். மரங்கள் முடிகிற இடம் வந்தது. அவன் தூரத்தைப் பார்த்தான், கையை மெல்ல இறுக்கினான், காலைச் சும்மா வைத்த மாதிரி அழுத்தினான், கடைசி முழத்தில் பிடியை விட்டான். வண்டி கிணற்றுக்குள் குடம் இறங்குவதுபோல நின்றது. அவள் நெற்றி அவன் முதுகைத் தொடவேயில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தான். சிவபாக்கியம் இறங்கி, வண்டியை விட்டுத் தள்ளி நின்றிருந்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இம்புட்டுத்தானே இருந்திருக்கு."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்தாள். ஞானவேல் கால்களை ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். மழையையும் செம்மண்ணையும் விறகுக்காரிகளையும் அதுவரை அவனால் குற்றம் சொல்ல முடிந்திருந்தது. இப்போது முடியவில்லை. கற்றுக்கொள்ளக்கூடியதை அவன் கற்றுக்கொள்ளாமல் இருந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் எவ்வளவு நன்றாக நிறுத்தினானோ, அவ்வளவுக்கு அது உறுதியாகிக்கொண்டே வந்தது.

மண்டி வேலை தொடர்ந்தது. வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பதைப் பார்த்துக் கடைவீதியில் அவனைக் கேலி செய்தார்கள். வெரசாப் போய்த் தொலையேன் என்று குருநாதன் சத்தம் போட்டார். அவன் கேட்டுக்கொண்டு அதே மாதிரி ஓட்டினான்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு மார்கழிக் காலையில் காட்ரோடு என்னும் மலைப்பாதையில் வத்தலக்குண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தான். பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி பஞ்சுப்பொதிபோல அடைத்துக்கொண்டது. ஒரு வளைவு முடிந்த இடத்தில் பனிக்குள்ளிருந்து பாறை ஒன்று ரோட்டின் நடுவே எழுந்தது. ராத்திரி மழையில் உருண்டு வந்தது. அதன் அடியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, சிதறிய காரட்டைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஞானவேலின் கை தானாக இறுகியது. வால் வீசவில்லை, சக்கரம் வழுக்கவில்லை. வண்டி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்து, "ஓரமாப் போங்கண்ணே, அந்தப்பக்கம் எடம் கெடக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். தனக்கு என்ன நேரவிருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவன் பாறையைச் சுற்றிப் போய், வண்டியை நிறுத்தி, ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தான். பிறகு அழுகை வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அழுகை. ஏறி வந்த லாரி நின்று, டிரைவர் தலையை நீட்டினான்.

"அடிபட்டிருச்சா?"

"இல்ல."

"பெறகு எதுக்குய்யா அழுவுற?"

ஞானவேல் முன்னால் போகும்படி கையைக் காட்டினான்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். பாறையை, அந்தப் பெண்ணை, குழந்தையை. சிவபாக்கியம் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு வச்சிருந்தேன்," என்றாள்.

"நம்ம பிள்ளைக்கா?"

"ம். ஆணா பொண்ணான்னு தெரியுமுன்னயே. ஒங்ககிட்டச் சொல்லல."

"என்ன பேரு?"

அவள் சொன்னாள். அவனும் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.