நவமியன்று விற்ற உகுலேலே

நான் விற்ற அந்த வாத்தியம் என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. அவளைக் கேட்காமல் விற்றேன்.

அது ஒரு சொப்ரானோ உகுலேலே. கிட்டாரைச் சுருக்கிக் கைக்குழந்தை அளவுக்குச் செய்தது போல இருக்கும். நான்கு நைலான் தந்திகள். ஹவாய் மரத்தில் செய்த உயர்ந்த ரகம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகன் கொண்டுவந்தது. அதற்கு முன் அவள் வீணை வாசித்தவள். ஊர் ஊராக மாற்றலாகிப் போன காலத்தில், குவார்ட்டர்ஸில் இடமில்லை என்று அந்த வீணையை விற்றதும் நான்தான். அப்போதாவது அவளைக் கேட்டேன்.

அறுபது வயதுக்குமேல் உகுலேலேயை அவளாகவே கற்றுக்கொண்டாள். கரமனையில் எங்கள் தெருவில் வீடுகள் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்பவை. இங்கே தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். "மாமி ஹோட்டல் பாட்டுக் கோஷ்டியில சேர்ந்துட்டாளோ ஓய்?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மழைக்காலத்தில் அவள் பின்கட்டில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் உகுலேலேயைத் தொடவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து, பயிற்சிக்காக மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருப்பாள். இனி வாசிக்கமாட்டாள் என்று நானே முடிவுகட்டினேன். இந்த ஊர் ஈரத்தில் சும்மா கிடந்தால் மரம் வெடித்துவிடும் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். படமெடுத்து, பழைய பொருள்கள் விற்கும் இணையதளத்தில் போட்டேன்.

அஷ்டமி மாலை பூஜை வைப்பு. புத்தகங்களையும் வாத்தியங்களையும் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிப் பட்டுத்துணியால் மூடிவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. அவள் உகுலேலேயை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். வாசிக்காத வாத்தியத்துக்கும் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அன்றே ஒரு பெண் போன் செய்தாள்: நாகர்கோவில்காரி, இங்கே நர்ஸ், அயர்லாந்துக்கு வேலைக்குப் போகிறாள், மறுநாளே வேண்டும்.

தொடக்கூடாது என்ற நியமம்தான் எனக்குத் துணிச்சல் தந்தது. தசமிவரை யாரும் துணியை விலக்கமாட்டார்கள். அதற்குள் பக்குவமாகச் சொல்லிவிடலாம். நவமி காலை அவள் கோயிலுக்குப் போனதும் உகுலேலேயை உருவி எடுத்தேன். துணி அமுங்கித் தெரியாதிருக்க, அந்த இடத்தில் என் ஆங்கில அகராதியைச் செருகினேன்.

அந்தப் பெண் பொருள் அறிந்தவள். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒட்டுகளின்மேல் நகத்தை ஓட்டினாள். மெல்ல மீட்டி, ஒரு ஞானப்பாட்டின் இரண்டு வரிகளை முனகினாள்.

"நாலும் புதுத் தந்தியாக்கும் சார். சமீபத்துல மாத்தினதா?"

எனக்குத் தெரியாது. "ஆமாம்" என்றேன்.

அவள் கட்டைவிரல் மரத்தின்மேல் நின்றது. "இதுல சந்தனம் ஈரமாட்டு இருக்கே. பூசைல வச்சதா சார்? எடுக்கலாமா?"

"சாரமில்லை, எடுக்கலாம். வீட்டுல கேட்டாச்சு."

"அப்பம் சரி. நாளைக்குக் காலத்தே ஃப்ளைட்டு. இதுன்னா மடியிலயே வச்சிக்கிட்டுப் போயிரலாம்" என்றாள். சந்தனத்தைத் துடைக்காமலே பெட்டியில் வைத்து மூடினாள்.

அன்று பகல் முழுவதும் இருந்தது, மாலையும் இருந்தது. நான் சொல்லவில்லை.

விஜயதசமி காலை அவள் குளித்து, புதுப்புடவை கட்டி, மணையில் உட்கார்ந்து துணியை விலக்கினாள். அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, இதை எந்த ஸ்ருதியில கூட்டணும்?"

நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு இடது கையை விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினாள். கடைசி விரலும் உள்ளங்கையைத் தொட்டது.

"நேத்திக்குத்தான் இது மடங்கித்து. தந்தி மாத்தி வாங்கிண்டு வந்து பத்து நாளாச்சு. இன்னிக்கு எடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். அந்த நிலையிலும் அப்படிக் கேட்டேன்.

"பூஜையில வெச்சேனே. அதைவிட எப்படிச் சொல்றது?"

அந்த நர்ஸுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தாள், விமானம் கிளம்பியிருக்கும். இதைவிட நல்லதாக ஒன்று வாங்கலாம் என்றேன். "வேண்டாம். பசிக்கறது, இட்லி எடுத்து வைக்கிறேன்" என்று எழுந்து போனாள்.

சாயங்காலம் மகன் வீடியோவில் வந்தான். "எங்கேம்மா, எடுத்து வாசி, கேக்கட்டும்" என்றான். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கை இன்னும் சரியாகலைடா" என்றாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அப்பா, பந்துப் பயிற்சி ஒழுங்காப் பண்றாளா?" என்று என்னைக் கேட்டான். பண்ணுகிறாள் என்று தலையாட்டினேன். அவளுடைய கைமேல் பழியைப் போட்டுவிட்டு இருவரும் அவனுக்கு விடைகொடுத்தோம்.

அவனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. இதை எழுதியதும் முதலில் அவனுக்குத்தான் அனுப்பவேண்டும். அன்றைக்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பெருக்கும்போது நான்தான் அதை எடுத்துத் தூசி தட்டி, திரும்ப அங்கேயே வைக்கிறேன்.